அரசு கல்லூரியில எம்.எட் சேரலாமா? மொதல்ல எம்.எஸ்சி இருக்கானு பாருங்க

பி.எஸ்சி கணக்கு, பி.எட் முடிச்சிட்டு மூணு வருஷமா ஒரு மெட்ரிக் பள்ளியில வேலை பாக்குறீங்க, வயசு 29, ரெண்டு வயசுல ஒரு பையன், அரசு கல்வியியல் கல்லூரியில எம்.எட் சேரலாமா, வேலைக்கு போய்க்கிட்டே படிக்க முடியுமா, முடிச்சா என்ன வேலை கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. நான் எம்.எட் முடிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாதிக்கு மேல எம்.எட் பசங்களுக்கே பாடம் எடுத்தும் அவங்க ஆய்வேட்டை திருத்தியுமே போச்சு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

உங்க கேள்வியில ஒரு விஷயம் இல்ல. எம்.எஸ்சி. அத பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல, அதனால பண்ணலைனே வச்சுக்கிறேன். என் பதில்ல முக்கால்வாசி இத சுத்தித்தான்.

எம்.எட்னா என்னனு நம்ம ஆளுங்ககிட்ட ஒரு தப்பான நினைப்பு இருக்கு. பி.ஏக்கு மேல எம்.ஏ, பி.எஸ்சிக்கு மேல எம்.எஸ்சி, அதே மாதிரி பி.எட்டுக்கு மேல எம்.எட், படிச்சா பள்ளிக்கூடத்துல ஒரு படி மேல போயிடலாம், சம்பளமும் ஏறும்னு. அப்படி கிடையாதுங்க. பி.எட் பள்ளிக்கூடத்து பசங்களுக்கு பாடம் எடுக்க, எம்.எட் ஆசிரியரா வரப்போறவங்களுக்கு பாடம் எடுக்க. கோடு வேற. பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு டிகிரி, பி.எட், அப்புறம் டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு கேப்பாங்க. முதுகலை ஆசிரியர் வேலைக்கு அந்த பாடத்துல பிஜி, அதாவது எம்.ஏ, எம்.எஸ்சி மாதிரி முதுகலைப் பட்டம், கூட பி.எட். டிஎன்பிஎஸ்சி மூலமா டிஇஓ, அதாவது மாவட்டக் கல்வி அலுவலர் ஆகணும்னாலும் ஒரு பிஜியும் பி.எட்டும்தான். இதுல எங்கயாவது எம்.எட் வந்துச்சா? வரல. எம்.எட் வச்சிருக்கேன், டெட்ல இருந்து விலக்கு உண்டானு கேக்குறவங்களும் இருக்காங்க, அதுவும் கிடையாது.

டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற முதுகலை ஆசிரியர் தேர்வுல 150 மார்க், அதுல பாடத்துக்கு 110, கல்வி முறையியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. எம்.எட் படிச்சவங்களுக்கு அந்த 30 கொஞ்சம் சுலபமா வரும், அவ்வளவுதான். அந்த 30 மார்க்குக்காக ரெண்டு வருஷம் முழு நேரமா உக்காந்து படிக்கிறது, தலைவலிக்கு தலகாணி மாத்துன கதை.

இன்னொரு காரணத்துக்காகவும் முன்னாடி நிறைய பேர் எம்.எட் பண்ணாங்க. அரசு பள்ளியில இருக்குற ஆசிரியர் உயர்படிப்பு முடிச்சா ஊக்க ஊதிய உயர்வு உண்டு, இன்கிரிமென்ட் சேத்து போடுவாங்க, அதனால ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் எம்.எட் ஃபார்ம் வாங்கிட்டு வந்தா பின்னாடியே நாலு பேர் கிளம்புவாங்க. 2020 மார்ச் 10ஆம் தேதி அரசாணை போட்டு அந்த முறையை நிறுத்திட்டாங்க. ஆனா ஊர்ல இன்னும் பழைய கணக்குதான் பேசிக்கிட்டு இருக்காங்க, உங்ககிட்டயும் யாராவது "எம்.எட் பண்ணி வச்சிரு, பின்னால உதவும்"னு சொல்லியிருப்பாங்க, அது இந்த பழைய கணக்குல சொன்னது.

சரி, எம்.எட் எங்கதான் வேணும்? பி.எட் கல்லூரியில உதவிப் பேராசிரியர் ஆகணும்னா வேணும். டயட், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்துல விரிவுரையாளர் ஆகணும்னா வேணும். இந்த ரெண்டு இடத்துலயும் எம்.எட் இல்லாம அசைய முடியாது. அங்கதான் ஒரு கொக்கி. ஆசிரியர் படிப்புங்களுக்கு விதி போடுற மத்திய அமைப்பான என்சிடிஇயோட 2014 விதிமுறைப்படி, கணக்கு கற்பித்தல் எடுக்குற உதவிப் பேராசிரியருக்கு எம்.எட்ல 55 சதவீதம் வேணும், அதோட கணக்குல பிஜி, அதுலயும் 55 சதவீதம் வேணும், அப்புறம் கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட்டோ, மாநில அளவுல நடக்குற செட்டோ, இல்ல பிஎச்டியோ. அதாவது நீங்க எந்த பக்கம் திரும்புனாலும் எம்.எஸ்சி கேக்குது. பள்ளியில மேல போகணும்னாலும் எம்.எஸ்சி, கல்லூரிக்கு போகணும்னாலும் எம்.எஸ்சி. எம்.எட் மட்டும் வச்சுக்கிட்டு கல்வியியல் பாடத்துல நெட் கூட பாஸ் பண்ணிடலாம், நிறைய பேர் பண்ணியிருக்காங்க, அப்புறம் வேலைக்கு விண்ணப்பம் போடுறப்போதான் பாடத்துல பிஜி எங்கனு கேப்பாங்க. அந்த நேரத்துல போய் 34 வயசுல எம்.எஸ்சி ஃபார்ம் வாங்குனவங்கள எனக்கு தெரியும், ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல.

இப்போ உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், ஏன்னா வரிசை எப்படி போடணும்ங்கறது அதுலதான் இருக்கு. வேலைக்கு போய்க்கிட்டே அரசு கல்லூரியில எம்.எட் படிக்க முடியுமா? முடியாது. வருஷத்துக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம், தியரிக்கும் செய்முறைக்கும் 80 சதவீதம் வருகை, களப்பணிக்கு 90 சதவீதம், இதெல்லாம் என்சிடிஇ 2014 விதிமுறையில அச்சடிச்சு இருக்கு. அஞ்சல் வழி எம்.எட்டும் அந்த விதிமுறையில கிடையாது, பி.எட்டுக்கு தொலைதூர வழி உண்டு, எம்.எட்டுக்கு இல்ல. தொலைதூரத்துல கிடைக்கிறது எம்.ஏ கல்வியியல், அது வேற பட்டம், அத எம்.எட்னு சொல்லி யாராவது வித்தா ஏமாந்துடாதீங்க.

"கல்லூரிக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்ற இடங்களும் இருக்கு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி அப்படி ஒரு தனியார் கல்லூரியில சேந்தார், பேர் வேண்டாம், காலையில பள்ளிக்கூடத்துல கையெழுத்து, அங்க அவர் பேருக்கு வேற யாரோ கையெழுத்து. பட்டமும் வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு வேலைக்கு சான்றிதழ் சரிபார்ப்புக்கு போறார், பணி அனுபவ சான்றிதழையும் எம்.எட் சான்றிதழையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இந்த ஜூன்ல இருந்து அடுத்த ஏப்ரல் வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?" முழு நேர சம்பளம் வாங்கிக்கிட்டே முழு நேர படிப்பும் படிச்சதா ரெண்டு பேப்பரும் சொல்லுது. கடைசியில அனுபவத்தை விட்டுக்கொடுத்துட்டு வந்தார். வருகை பதிவேடு சும்மா சடங்குனு நினைக்கிறவங்களுக்காக இத சொல்றேன்.

ஆக, எம்.எட்டை வேலையோட படிக்க முடியாது, எம்.எஸ்சியை படிக்கலாம். தொலைதூரத்துல படிச்ச எம்.எஸ்சி கணக்கு, பன்னெண்டாவது, டிகிரி, பிஜினு ஒழுங்கான வரிசையில வந்து, யுஜிசி அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகமா இருந்தா முதுகலை ஆசிரியர் வேலைக்கு ஏத்துக்கிறாங்க. அதனால நான் உங்க இடத்துல இருந்தா இப்போ பாக்குற வேலையை விடாம எம்.எஸ்சியை தொலைதூரத்துல போட்டுடுவேன், பையனும் பள்ளிக்கூடம் போற வயசுக்கு வந்துடுவான், அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வேலையை விட்டுட்டு அரசு கல்லூரியில எம்.எட். ரெண்டையும் ஒரே வருஷத்துல சேத்து படிச்சா நேரம் மிச்சம்னு தோணும், 2022ல யுஜிசி ரெண்டு பட்டம் ஒரே நேரத்துல படிக்கலாம்னு அறிவிச்சதையும் காட்டுவாங்க, ஆனா சான்றிதழ் சரிபார்ப்புல ஒரே கல்வியாண்டுல ரெண்டு பட்டம்னா நம்ம ஊர்ல கண்டிப்பா கேள்வி வரும், அந்த வம்பு உங்களுக்கு வேண்டாம். கையில ஏற்கனவே எம்.எஸ்சி இருந்து எழுத மறந்துட்டீங்கன்னா, இந்த பத்தி பூராவும் கிழிச்சு போட்டுட்டு இந்த வருஷமே எம்.எட் ஃபார்ம் போடுங்க.

ஒரு விஷயம் கவனத்துல வச்சுக்கோங்க. 2025 பிப்ரவரியில என்சிடிஇ ஒரு புது வரைவு விதிமுறை விட்டுச்சு, அதுல முழு நேர எம்.எட் ஒரு வருஷம், வேலையில இருக்குறவங்களுக்கு பகுதி நேரமா ரெண்டு வருஷம்னு இருந்துச்சு. நான் படிச்ச காலத்துல எம்.எட் ஒரு வருஷம்தான், 2014 விதிமுறை வந்து 2015ல இருந்து ரெண்டு வருஷம் ஆனது, அதுக்கு பின்னாடி உச்ச நீதிமன்றம் அமைச்ச நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷனோட 2012 அறிக்கை இருந்துச்சு, ஆசிரியர் பயிற்சி கல்லூரிங்க தரத்தை பத்தி அதுல நல்லா காய்ச்சி எடுத்திருப்பாங்க. இப்போ திரும்ப பழைய இடத்துக்கே பேச்சு வருது. நீங்க சேர்ற வருஷத்துல எந்த விதி ஓடுதோ அதத்தான் பாக்கணும், வரைவை நம்பி இன்னிக்கு வேலையை விடாதீங்க.

கல்லூரி விஷயம். தமிழ்நாட்டுல அரசு கல்வியியல் கல்லூரிங்க கொஞ்சம்தான். சென்னையில சைதாப்பேட்டை, மெரினாவுக்கு எதிர்ல லேடி வெலிங்டன், அப்புறம் வேலூர், குமாரபாளையம், புதுக்கோட்டை, ஒரத்தநாடு, கோயம்புத்தூர். இதுல லேடி வெலிங்டனும் கோயம்புத்தூரும் பெண்களுக்கு மட்டும், அதனால உங்களுக்கு ஆம்பளைங்களை விட ரெண்டு கதவு கூட. சைதாப்பேட்டை 1856ல நார்மல் ஸ்கூலா ஆரம்பிச்சது, லேடி வெலிங்டன் 1922ல சிஸ்டர் சுப்புலட்சுமி காலத்துல வந்தது, இந்த கட்டடங்களுக்குள்ள நடந்து போறப்போ நமக்கே ஒரு மரியாதை வரும், அத விட முக்கியம் அங்க இருக்குற லைப்ரரி. ஏழுலயும் எம்.எட் இருக்கும்னு நினைச்சு போய் நிக்காம அந்த வருஷத்து ப்ராஸ்பெக்டஸ்ல எந்தெந்த கல்லூரியில எத்தனை சீட்டுனு பாத்துக்கோங்க. ஒரு யூனிட்னா 50 சீட்டு, அது என்சிடிஇ கணக்கு. 50 பேருக்கு 10 ஆசிரியர் இருக்கணும், ரெண்டு பேராசிரியர், ரெண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர். காகிதத்துல. நேர்ல போனா இடம் காலியா கிடந்து கௌரவ விரிவுரையாளரை வச்சு ஓட்டுற துறையும் இருக்கும், அது அரசு கல்லூரியோட பழைய நோய், ஆனா அந்த கௌரவ விரிவுரையாளருங்கள்ல பாதி பேர் நெட் முடிச்சவங்க, பிஎச்டி முடிச்சவங்க, அவங்ககிட்ட கத்துக்கிறதுல குறை ஒண்ணும் இல்ல.

இந்த கல்லூரிங்க எல்லாம் 2008ல வந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது. தனியார்ல படிச்சாலும் இணைப்பு அங்கதான் இருக்கும், கொஸ்டின் பேப்பர் ஒண்ணுதான், பட்டமும் ஒண்ணுதான். அப்போ அரசு கல்லூரி எதுக்குனு கேட்டா, கட்டணம் ஒரு காரணம், 69 சதவீத இடஒதுக்கீடு முறையா நடக்குறது ஒரு காரணம், ஆனா என்னை கேட்டா பெரிய காரணம் உங்க பக்கத்துல உக்காந்திருக்குற ஆளுங்க. மார்க் வச்சு வர்றவங்க, டிஆர்பிக்கு படிச்சுக்கிட்டே வர்றவங்க, ஒருத்தர் தர்மபுரி, ஒருத்தர் ராமநாதபுரம், சாயங்காலம் மரத்தடியில உக்காந்து நெட் பழைய கொஸ்டின் போட்டு பாக்குற ஒரு கூட்டம் கிடைக்கும். காசு கட்டி பட்டம் வாங்க வந்த வகுப்புல அந்த கூட்டம் அமையாது. அரசு உதவி பெறும் கல்லூரிங்களையும் விட்டுடாதீங்க, பாளையங்கோட்டை சேவியர், மதுரை தியாகராசர் மாதிரி பழைய பேர் உள்ள இடங்க. தமிழ்நாட்டை தாண்டி போக முடியும்னா மைசூர்ல என்சிஇஆர்டியோட மண்டல கல்வி நிறுவனம் இருக்கு, அங்க எம்.எட்டுக்கு நுழைவுத் தேர்வு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துக்கு க்யூட் பிஜிங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். ரெண்டு வயசு பையனை வச்சுக்கிட்டு மைசூர் போங்கனு நான் சொல்ல மாட்டேன், ஆனா இருக்குனு தெரிஞ்சுக்கோங்க.

தகுதிக்கு பி.எட்ல 50 சதவீதம், ரேங்க் போடுறதுல பி.எட் மார்க்தான் பெரிய பங்கு. எஸ்சி எஸ்டிக்கு தளர்வு உண்டு.

உள்ள போனதுக்கு அப்புறம் என்ன படிக்கிறோம்? தத்துவம், சமூகவியல், உளவியல், பாடத்திட்டம், ஆய்வு முறை, ஆசிரியர் கல்வி, இப்படி போகும். கேட்டா பி.எட்ல படிச்சதுதானேனு தோணும். குழந்தை எப்படி கத்துக்குதுனு சொன்ன உளவியலாளர் வைகாட்ஸ்கினு பி.எட்ல ஒரு அரை பக்கம் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, எம்.எட்ல அதே வைகாட்ஸ்கியை இன்னொரு உளவியலாளர் பியாஜேகூட சண்டைக்கு விட்டு, நம்ம அரசு தொடக்கப் பள்ளியோட எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புல ஒரு டீச்சர் குழந்தையை நிலை வாரியா பிரிச்சு உக்கார வைக்கிறாங்களே, அது யார் சொன்னதுக்கு பக்கத்துல இருக்குனு கேப்பாங்க. முதலியார் கமிஷன் 1952-53, கோத்தாரி கமிஷன் 1964-66னு வருஷம் எழுதுனா பி.எட்ல மார்க். எம்.எட்ல கோத்தாரி பொதுப் பள்ளி முறைமை, அதாவது எல்லார் வீட்டு பிள்ளையும் ஒண்ணா படிக்கிற பள்ளி வேணும்னு சொன்னாரே, அது ஏன் நடக்கலைனு எழுதணும். மெட்ரிக் பள்ளியில மூணு வருஷம் இருந்த உங்ககிட்ட அதுக்கு புத்தகத்துல இல்லாத பதில் இருக்கும், அத எழுதுங்க. இண்டர்ன்ஷிப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இல்ல, பி.எட் கல்லூரி, டயட் மாதிரி ஆசிரியர் பயிற்சி நடக்குற இடத்துக்கு போய் வகுப்பு எடுக்கணும். முதல் நாள் நம்மள விட வயசுல பெரியவங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க, சாக்பீஸ் பிடிச்ச கை நடுங்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்.

ஆனா எம்.எட்னா ஆய்வேடுதான். மத்த பேப்பர் எல்லாம் ஒரு மாசம் விடிய விடிய படிச்சு தேத்திடலாம், இத தேத்த முடியாது. அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

என்கிட்ட ஒரு பொண்ணு ஒன்பதாம் வகுப்பு பசங்களுக்கு கணக்கு மேல இருக்குற பயத்தை பத்தி ஆய்வு பண்ணுச்சு. ஆய்வுக் கருவியை, அதாவது பசங்ககிட்ட குடுக்குற கேள்வித்தாளை தானே தயார் பண்றேன்னு 40 கூற்று எழுதி, அஞ்சு நிலை அளவுகோல் போட்டு கொண்டு வந்துச்சு, எல்லாம் அழகான தமிழ். முன்னோட்ட ஆய்வுக்கு ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு போனோம், நானும் கூட போனேன். ஏழாவது கூற்று "கணித வகுப்பில் எனக்குப் பதற்றம் ஏற்படுகிறது". ரெண்டாவது பெஞ்ச் பையன் எழுந்து "பதற்றம்னா என்ன மிஸ்?"னு கேட்டான். அவன் ஒருத்தன் கேட்டான், கேக்காத முப்பது பேர் என்ன டிக் போட்டிருப்பாங்கனு யோசிச்சு பாருங்க. பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டே அத "கணக்கு பீரியட் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்"னு மாத்துனோம். அளக்க நினைச்சததான் கருவி அளக்குதாங்கறத ஏற்புடைமைனு சொல்லி புத்தகத்துல நாலு பக்கம் இருக்கு, அந்த பொண்ணுக்கு அது அந்த பஸ் ஸ்டாப்லதான் புரிஞ்சுது. வந்த தாள்கள்ல இன்னொண்ணு, ஒரு பையன் 40க்கும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்"னு ஒரே நேர் கோடா டிக் போட்டு இறக்கியிருந்தான். கணக்கு பிடிக்கும்ங்கறதுக்கும் ஒப்புக்கொள்கிறேன், பிடிக்காதுங்கறதுக்கும் ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி ஆளை பிடிக்கத்தான் நேர்மறை கூற்றையும் எதிர்மறை கூற்றையும் கலந்து வைக்கிறது. 40ல கடைசியா 28 கூற்று நின்னுச்சு.

தலைப்பு எடுக்குறதுல எல்லாரும் ஒரே தப்பு பண்றாங்க. "மேல்நிலை மாணவர்களின் சமூக ஊடகப் பயன்பாடும் கல்வி அடைவும்"னு ஒண்ணு, அத ஆணா பெண்ணா, கிராமமா நகரமா, அரசு பள்ளியா தனியார் பள்ளியானு ரெண்டு குழுவோட சராசரியை ஒப்பிடுற டி-டெஸ்ட் போட்டு பாப்பாங்க, 1.96க்கு கீழ வந்தா குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லைனு எழுதுவாங்க, மேல வந்தா இருக்குனு எழுதுவாங்க, ஏன்னு மட்டும் எழுத மாட்டாங்க. பரிந்துரையில அரசு கம்ப்யூட்டர் லேப் வைக்கணும்னு முடிச்சிடுவாங்க. நீங்க அப்படி போகாதீங்க. உங்களுக்கு மூணு வருஷ வகுப்பறை இருக்கு. ஏழாவது படிக்கிற பிள்ளை பின்னத்தை கூட்டுறப்போ மேல இருக்குறதையும் கூட்டி கீழ இருக்குறதையும் கூட்டி வைக்குதே, அரையும் மூணுல ஒண்ணும் சேந்தா அஞ்சுல ரெண்டுனு எழுதுதே, எத்தனை பிள்ளைங்க எழுதுறாங்க, ஏன் எழுதுறாங்க, அவங்க டீச்சர் அத எப்படி திருத்துறாங்க, இந்த ஒண்ண எடுத்து 60 பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசுனா போதும், 600 பேர்கிட்ட கேள்வித்தாள் குடுத்து வாங்குறதை விட நல்ல ஆய்வு.

பழைய ஆய்வேட்டை வாங்கி மாவட்டம் பேரை மாத்துற வேலையும் நடக்குது, கல்லூரி பக்கத்து ஜெராக்ஸ் கடையில பென் டிரைவ்லயே கிடைக்கும். ஒரு தடவை நான் வெளித் தேர்வாளரா வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு போனேன். தலைப்புல வேலூர் மாவட்டம், யார்கிட்ட டேட்டா எடுத்தாங்கனு சொல்ற அத்தியாயத்துல வேலூர் மாவட்டம், அஞ்சாவது அத்தியாயம் முடிவுகள்ல "திருநெல்வேலி மாவட்ட மாணவர்களிடையே"னு அப்படியே இருக்கு. "ரெண்டு ஊருக்கும் டேட்டா எடுத்தீங்களா?"னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஃபேனை பாத்தார், அப்புறம் "டைப்பிங் மிஸ்டேக் சார்"னார். திருட்டு ஒப்பீடு பாக்குற சாஃப்ட்வேர் எல்லாம் அப்போ எங்ககிட்ட இல்ல, அவரே காட்டிக்குடுத்துட்டார்.

கைடு விஷயத்துல உங்களுக்கு பெரிசா சாய்ஸ் இருக்காது, பிரிச்சு குடுப்பாங்க. யார் வந்தாலும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எழுதுன பக்கத்தோட போய் நில்லுங்க. எழுதாம போய் "சார் டவுட்டு"னு நின்னா அவரும் பேசி அனுப்பிடுவார், சிவப்பு பேனா கோடு விழுந்த பக்கம்தான் உங்க சொத்து. பள்ளியில டேட்டா எடுக்க முதன்மைக் கல்வி அலுவலர் (சிஇஓ) ஆபீஸ் அனுமதி கடிதத்துக்கு சீக்கிரமே எழுதி போடுங்க, அரையாண்டு பரீட்சை, ரிவிஷன் டெஸ்ட்னு ஆரம்பிச்சுட்டா எந்த ஹெச்எம்மும் உள்ள விட மாட்டார்.

மொழி பத்தி ஒண்ணு சொல்லணும். தமிழ்ல பரீட்சை எழுதலாம், ஆய்வேடும் தமிழ்ல பண்ணலாம், நல்லாவும் வரும், தமிழ் வழியில படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை உத்தேசிச்சு அப்படி படிக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா நெட் தேர்வு கல்வியியல் பாடத்துக்கு இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும்தான் கொஸ்டின் பேப்பர். நம்பகத்தன்மைனா என்னனு தலைகீழா தெரிஞ்ச பிள்ளை ரிலையபிலிட்டினு பாத்துட்டு முழிக்கும், அத நான் பாத்திருக்கேன். அதனால முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டு போட்டு, இடது பக்கம் தமிழ் சொல், வலது பக்கம் இங்கிலீஷ் சொல்லை தமிழ் உச்சரிப்போட எழுதிக்கிட்டே வாங்க. ரெண்டு வருஷத்துல அந்த நோட்டு எந்த கைடு புக்கையும் விட உங்களுக்கு உதவும்.

நெட் தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் டிசம்பர்னு. முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாவது தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மார்க், மூணு மணி நேரம், தப்பு பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. எம்.எட் கடைசி வருஷம் படிக்கிறப்போவே எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பு இல்ல, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 30, பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு, அதனால உங்களுக்கு 35 வரைக்கும் இருக்கு. ஜேஆர்எஃப் கிடைச்சா பிஎச்டிக்கு மாசம் 37,000 ரூபாய், சில தனியார் பள்ளி சம்பளத்தை விட ரெண்டு மடங்கு, சிரிக்கிற விஷயம் இல்ல. நான் சொன்ன வரிசையில போனா 31ல எம்.எஸ்சி முடியும், 33ல எம்.எட் முடியும், 35க்குள்ள நாலு தடவையாவது நெட் எழுதிடலாம், எம்.எஸ்சி கையில இருக்குறதால கணக்கு முதுகலை ஆசிரியர் தேர்வும் பக்கத்துலயே ஓடும். ஒரு கதவு திறக்கலைனா இன்னொண்ணு.

இங்க ஒரு சின்ன விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நீங்க பிசி, எம்பிசியா இருந்தா நெட் எழுத பிஜியில 50 சதவீதம் போதும்ங்கற தளர்வு வேணும்னா நம்ம ஊர் சாதிச் சான்றிதழ் பத்தாது, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் தனியா வாங்கணும், அதுல கிரீமி லேயர், அதாவது வசதியான பிரிவு இல்லைனு இருக்கணும். இ-சேவையில விண்ணப்பம் போட்டு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரணும், கடைசி நாள் வரைக்கும் விடாதீங்க.

வேலை நிலவரத்தை மறைக்காம சொல்லிடுறேன். அரசு கல்வியியல் கல்லூரி, டயட் இடங்களுக்கு டிஆர்பி அறிவிப்பு வருஷா வருஷம் வராது, வர்றப்போ பல வருஷத்து கூட்டம் மொத்தமா வந்து நிக்கும். தனியார் பி.எட் கல்லூரியில வேலை கிடைக்கும், சம்பளம் உங்க மெட்ரிக் பள்ளி சம்பளத்தை விட ரொம்ப ஒண்ணும் மேல இருக்காது, சில இடத்துல இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் வந்து நின்னா போதும்னு சான்றிதழை வாங்கி வச்சுக்கிறவங்களும் உண்டு, ஒரிஜினல் சான்றிதழை மட்டும் எவர்கிட்டயும் குடுத்துடாதீங்க. பி.எட் பசங்களுக்கு பாடம் எடுக்கணும், ஒரு டீச்சர் எப்படி உருவாகுறாங்கனு பாக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்தாதான் இந்த பக்கம் வாங்க. பள்ளிக்கூடத்துலயே இருந்து நல்ல கணக்கு டீச்சரா முதுகலை ஆசிரியர் ஆகணும்ங்கறதுதான் ஆசைனா, எம்.எஸ்சி போட்டு டிஆர்பிக்கு படிங்க, எம்.எட்டை மறந்துடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

பையன் இருக்கான்னு எழுதியிருந்தீங்க. என் வகுப்புல கைக்குழந்தையோட வந்து முடிச்ச பொண்ணுங்க இருந்தாங்க, முடிக்காம நின்னவங்களும் இருந்தாங்க, வித்தியாசம் பெரும்பாலும் வீட்டுல அம்மாவோ மாமியாரோ பகல்ல பாத்துக்கிட்டாங்களாங்கறதுதான். விதிமுறைப்படி ரெண்டு வருஷ எம்.எட்டை சேந்த நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள முடிச்சாகணும், அதனால நடுவுல நின்னு நின்னு போக முடியாது. ஹாஸ்டல் யோசனை உங்களுக்கு ஒத்து வராது, வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போய் வர்ற கல்லூரியா பாருங்க, பேர் பெருசா இல்லைனாலும் பரவாயில்ல.

இப்போதைக்கு பி.எட் மார்க் ஷீட்டை எடுத்து சதவீதம் கணக்கு போட்டு பாருங்க, பி.எஸ்சி மார்க்கையும் பாருங்க. ரெண்டையும், எந்த மாவட்டம்ங்கறதையும் எழுதுனீங்கன்னா எந்த கல்லூரி கிட்டத்துல வரும், எம்.எஸ்சிக்கு எங்க ஃபார்ம் போடலாம்னு சொல்றேன்.